1652 என்னும் எண்ணும் திறக்கப்படாத தொகுதிகளும்

இந்தியாவில் 1652 மொழிகள் பேசப்படுகின்றன என்னும் வாக்கியம் போட்டித் தேர்வு வழிகாட்டியிலோ மேடைப் பேச்சிலோ வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலில், அடிக்குறிப்போடு வரும்போது பொறுத்துக்கொள்வதற்கில்லை. அந்த அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்தால் பெரும்பாலும் ஒரு கட்டுரை கிடைக்கும். கட்டுரையின் அடிக்குறிப்பு வேறோர் ஆய்வேட்டைக் காட்டும். அந்த ஆய்வேடு ஓர் இணையப் பக்கத்தைக் காட்டும். இணையப் பக்கம் யாரையும் காட்டாது. இந்தச் சங்கிலி 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகளில் போய் முடிந்திருந்தால், அந்த வாக்கியமே எழுதப்பட்டிருக்காது.

ஏனெனில் 1652 என்பது மொழிகளின் எண்ணிக்கை அன்று. தாய்மொழி எது என்று கேட்டபோது மக்கள் சொன்ன பெயர்களின் எண்ணிக்கை. அவற்றுள் வெளிநாட்டு மொழிகளின் பெயர்கள் உண்டு. எந்த மொழிக் குடும்பத்திலும் சேர்க்க இயலாத பெயர்கள் உண்டு. சாதியின் பெயரையும் ஊரின் பெயரையும் தொழிலின் பெயரையுமே தாய்மொழியாகச் சொன்னவர்களும் உண்டு. ஆர். சி. நிகம் 1971 கணக்கெடுப்பையொட்டி உருவாக்கிய தாய்மொழிகள் பற்றிய கையேடு இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே எழுதப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் இதே செயல்முறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சீர்செய்தபோது கிடைத்த தாய்மொழிகள் 1369. வகைப்படுத்த இயலாமல் ஒதுக்கப்பட்ட பெயர்கள் 1474. குறைந்தது 10,000 பேர் பேசும் தாய்மொழிகள் 270. அவற்றைத் தொகுத்துப் பெற்ற மொழிகள் 121. இந்த ஐந்து எண்களும் ஐந்து வேறு கேள்விகளுக்கான விடைகள். எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துச் செல்பவர் ஆய்வாளர் அல்லர், தூதஞ்சல்காரர்.

இது சின்னப் பிழை, ஆய்வேட்டின் மையக் கருத்தைப் பாதிக்காது என்று சொல்லும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இன்னோர் எண்: 43.63. இந்திய மக்களில் 43.63 விழுக்காட்டினர் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று இந்தியை நாடெங்கும் பரப்ப விரும்புவோர் எழுதுகிறார்கள். அதை எதிர்ப்போரும், பாதிக்கும் குறைவுதானே என்று அதே எண்ணையே எடுத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். இரு சாராரும் சி-16 அட்டவணையின் தலைப்பு வரியைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பார்த்ததில்லை. இந்தி என்னும் தொகுப்புத் தலைப்பின் கீழ் வரும் 52.83 கோடிப் பேரில், தம் தாய்மொழியின் பெயர் இந்தி என்று சொன்னவர்கள் 32.22 கோடிப் பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 26.6 விழுக்காடு. மீதியில் போஜ்புரி பேசுவோர் மட்டுமே 5.05 கோடிக்கு மேல். ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி. தம் தாய்மொழியின் பெயரைத் தெளிவாகச் சொன்ன கோடிக்கணக்கான மனிதர்கள் ஒரு விழுக்காட்டுக்குள் காணாமற்போகிறார்கள். அவர்களை மறைத்துவிட்டதாகக் கணக்கெடுப்புத் துறையையும் குறை சொல்ல முடியாது. வரிசை வரிசையாக அச்சிட்டுத்தான் வைத்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

தொகுப்பின் எல்லை நிலையானதும் அன்று. மைதிலி 1991 கணக்கெடுப்பில் இந்திக்குள் இருந்தது. 2003இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 92ஆம் திருத்தம் போடோ, டோக்ரி, சந்தாலி ஆகியவற்றோடு மைதிலியையும் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அதன்பின் வெளிவந்த 2001 மொழி அட்டவணையில் மைதிலி தனி மொழி, பேசுவோர் 1.2 கோடிக்கு மேல். தர்பங்காவிலும் மதுபனியிலும் யாரும் வேறு மொழிக்கு மாறவில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது, அவ்வளவுதான். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் இந்தி பேசுவோர் விழுக்காடு இவ்வளவு உயர்ந்தது, இவ்வளவு தாழ்ந்தது என்று வரைபடம் போடும் கட்டுரையாளர் இந்த இடப்பெயர்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அவர் அளப்பது மொழியை அன்று, வகைப்பாட்டை. இதைக் கண்டறியப் பெரிய கோட்பாடு ஏதும் தேவையில்லை. இரண்டு தொகுதிகளையும் ஒரே மேசையில் விரித்துவைத்து, அட்டவணைக்கு முன்னால் உள்ள விளக்கக் குறிப்பைப் படித்தால் போதும்.

சமஸ்கிருதத்தின் கதை இன்னும் சுவையானது. அதைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 1981இல் 6,106 பேர், 1991இல் 49,736, 2001இல் 14,135, 2011இல் 24,821. மறுமலர்ச்சி என்று சொல்ல விரும்புபவர் முதல் இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளலாம். அழிவு என்று சொல்ல விரும்புபவருக்கு நடுவில் உள்ள இரண்டு போதும். பத்தே ஆண்டுகளில் எட்டு மடங்காகப் பெருகி, அடுத்த பத்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும் மக்கள் கூட்டம் எதுவும் இல்லை. கணக்கெடுப்பாளரிடம் மக்கள் தம்மை எப்படி அடையாளப்படுத்த விரும்பினார்கள் என்பதையே இந்த வரிசை காட்டுகிறது. நான்கு எண்களையும் சேர்த்து வைத்தால் அதுவே அருமையான ஆய்வுப் பொருள். தனித்தனியாக எடுத்தால் நான்கும் பிரசாரம்.

சமஸ்கிருதமே கணினிக்கு ஏற்ற மொழி என்று நாசா அறிவித்ததாக உலவும் கூற்றின் மூலமும் இருக்கிறது. 1985இல் ஏஐ மேகசின் இதழில் ரிக் பிரிக்ஸ் எழுதிய கட்டுரை அது. அவர் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இயங்கிய கணினி அறிவியல் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர். ஒரு வாக்கியத்தின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து விரித்துச் சொல்லச் சமஸ்கிருத இலக்கணிகள் கையாண்ட முறையும், செயற்கை நுண்ணறிவுத் துறை அறிவைக் குறித்துவைக்கப் பயன்படுத்திய பொருள் வலைகளும் அமைப்பில் ஒத்திருக்கின்றன என்பது அவர் வாதம். நாசா எதையும் அறிவிக்கவில்லை. சமஸ்கிருதத்தில் நிரல் எழுதுங்கள் என்று பிரிக்ஸும் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த இலக்கண மரபின் பெருமையை வதந்தியைவிட உண்மையான கட்டுரைதான் அதிகமாக எடுத்துச் சொல்கிறது. வதந்தியைப் பரப்புவோர் அதைப் படித்ததில்லை; கேலி செய்வோரிலும் படித்தவர் சிலரே.

தமிழ்ப் பக்கம் இந்த நோய் இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். ஆங்கிலத்தின் ‘ஒன்’ தமிழின் ‘ஒன்று’ என்பதிலிருந்து பிறந்தது என்னும் பதிவு ஆண்டுக்கு நான்கு முறையேனும் வலம் வருகிறது, பேராசிரியர்களும் பகிர்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் அச்சுத் தொகுதியை எடுத்துப் பார்த்தால், பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஆன்’ என்று இருந்தது தெரியும். ஜெர்மன் மொழியின் ‘ஐன்’, லத்தீனின் ‘ஊனுஸ்’ ஆகியவற்றோடு அதற்குள்ள உறவும் தெரியும். இன்று தமிழ்க் காதுக்கு ஒத்து ஒலிக்கும் உச்சரிப்பு பிற்காலத்தில் தோன்றியது. ‘ஒன்று’ என்பதன் திராவிட உறவுகளை பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் காணலாம். 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு கன்னடம், தெலுங்கு முதல் குடகு, கோண்டி, குடுக்கு வரை இனச்சொற்களை நிரல்படுத்துகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பின்னிணைப்பாகவும் வந்தது. மூன்று அகராதிகளையும் அருகருகே வைத்தால் அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தைச் செலவிட மனமில்லாதவர்கள் வேர்ச்சொல் ஆய்வு என்னும் பெயரைப் பயன்படுத்தாமலாவது இருக்கலாம்.

இதற்கு உடனே ஒரு மறுமொழி வரும்: எல்லாம் இணையத்திலேயே இருக்கும்போது நூலகம் எதற்கு? பாதி உண்மை உள்ள மறுமொழி என்பதால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2011 அட்டவணைகள் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் கிடைக்கின்றன. பிரிக்ஸின் கட்டுரையைத் தரவிறக்கலாம். கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு முழுவதும் மின்படிகளாக உள்ளது. கையெட்டும் தூரத்தில் இவ்வளவு இருந்தும் 1652 ஏன் சாகவில்லை என்பதே உண்மையான கேள்வி.

தேடுபொறி தேடியவரின் சொற்களுக்குப் பொருந்தும் பக்கத்தைத் தருகிறது. அந்தப் பக்கம் எந்த முழுமையின் பகுதி என்பதைத் தருவதில்லை. கிரியர்சனையே எடுத்துக்கொள்ளலாம். 1894இல் தொடங்கி 1928இல் முடிந்த அந்தப் பணி 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பதிவு செய்தது. ஆனால் சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத் ஆகியவை அளவாய்வின் எல்லைக்குள் வரவில்லை. முண்டா, திராவிட மொழிகளுக்கான நான்காம் தொகுதி 1906இல் வந்தது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் நார்வே அறிஞர் ஸ்டென் கோனோ. தமிழ், மலையாளம் பற்றி அதில் உள்ளவை மாவட்டந்தோறும் திரட்டிய களத்தரவுகள் அல்ல. தொகுதியைக் கையில் எடுத்து முன்னுரையைப் புரட்டுபவருக்கு இது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டு 300ஆம் பக்கத்துக்கு அருகில் குதித்து இறங்குபவருக்குத் தெரியாது. அவர் அதை நூறாண்டுகளுக்கு முந்தைய பேச்சுத்தமிழின் சான்றாக ஆய்வேட்டில் சேர்த்துவிடுவார். அளவாய்வு நடந்த பகுதிகளிலும்கூட மாதிரிகளில் ஒன்று விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையின் மொழிபெயர்ப்பு. அதைத் திரட்டி அனுப்பியவர்கள் பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்தினர். மொழிபெயர்க்கப்பட்ட உரைநடையிலிருந்து இயல்பான பேச்சின் தொடரமைப்பைக் கண்டறிய முயல்பவர் இதை அறிந்திருக்க வேண்டாமா?

உரையாடிப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது. அவை ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பக்க எண் என எல்லாம் முறையாக அமைந்த மேற்கோள்களைத் தருகின்றன. அவற்றுள் சில நூல்கள் எழுதப்பட்டதே இல்லை. இதைப் பிடிக்க இன்னொரு மென்பொருளை நாடுகிறார்கள். நூலகப் பட்டியலில் தேடினால் போதுமே! எந்த நூலகத்திலும் அழைப்பெண் இல்லாத நூலை மேற்கோளாகக் காட்டும் மாணவரிடம் நெறியாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எங்கே பார்த்தீர்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் விட்டுவிட்டன. அதன் இடத்தில் இரண்டு இயந்திரங்களை நிறுத்தின. முதலாவது ஒப்புமை விழுக்காடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமையைப் பொருட்படுத்துவதில்லை. அந்த மென்பொருள் சொற்களின் ஒற்றுமையை அளக்கும், உண்மையை அளக்காது. 1652 மொழிகள் என்னும் பிழையை மாணவர் சொந்த நடையில் எழுதிவிட்டால் மென்பொருளின் பார்வையில் அது பூச்சியம் விழுக்காடு, தூய்மையிலும் தூய்மை. இரண்டாவது, 2018இல் தொடங்கிய கேர் இதழ்ப் பட்டியல். போலி இதழ்களைத் தடுக்க வந்த பட்டியல் அது; நோக்கத்தில் குறையில்லை. ஆனால், கட்டுரை சரியா என்னும் கேள்வியின் இடத்தை, இதழ் பட்டியலில் உள்ளதா என்னும் கேள்வி பிடித்துக்கொண்டது. 2025இல் பட்டியலும் கைவிடப்பட்டது. சான்றைச் சோதிக்கும் பொறுப்பு மீண்டும் துறைகளிடமே வந்து சேர்ந்திருக்கிறது. சோதிக்கும் பழக்கம்தான் இடையில் போய்விட்டது.

பொது நூலகங்களைப் பற்றி மட்டும் கனிவாகப் பேசிவிட்டுப் போவதும் நேர்மையன்று. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை டவுன் ஹாலில் உள்ள மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் 30 நாள்களுக்குள் அனுப்பப்பட வேண்டும். அனுப்பத் தவறினால் தண்டனை, 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய்க்குப் பயந்த பதிப்பாளர் யாரும் இருப்பாரா? பெரிய பதிப்பகங்களின் நூல்கள் எப்படியாவது எங்காவது கிடைத்துவிடும். சிறிய மொழி ஒன்றில் முந்நூறு படி அச்சிட்ட நாட்டார் பாடல் தொகுப்பும், ஓர் ஆசிரியர் தம் செலவில் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியும் அந்த நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேராவிட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அவை இல்லாதவையே. சட்டம் காக்க வேண்டியது இந்தச் சிறு நூல்களைத்தான்.

பணம் இல்லை என்பது மற்றொரு சமாதானம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம், சீ. இரா. அரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னணியில் இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அந்த வரியில் பத்து விழுக்காட்டை நூலக வரியாகச் சேர்த்தே கட்டுகிறார். அப்படி வசூலாகும் தொகை உள்ளாட்சிகளிடமிருந்து நூலகத் துறைக்கு உரிய காலத்தில் வருவதில்லை என்பது செய்தித்தாள்களில் பலமுறை வந்து பழகிப்போன செய்தி. இந்தியாவின் சில மாநிலங்களில் இன்னும் நூலகச் சட்டமே இல்லை. சட்டம் உள்ள பல மாநிலங்களில் வரி இல்லை.

மாவட்ட மைய நூலகங்களின் வாசிப்புக் கூடங்களைப் போட்டித் தேர்வு மாணவர்கள் நிரப்பியிருக்கிறார்கள் என்று கல்விப்புலத்தினர் சலித்துக்கொள்வதுண்டு. சலிப்புக்கு உரியவர்கள் அந்த மாணவர்கள் அல்லர். ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் ஒருவருக்கு ஒரு நாற்காலியும் மின்விசிறியும் அமைதியும் கிடைப்பது அவரது உரிமை. அவர்களாவது வருகிறார்கள். சொந்தப் புத்தகத்தோடு வந்து சொந்தப் புத்தகத்தோடு போகிறார்கள் என்றால், நூலகம் அவர்களுக்குத் தர வேண்டியதைத் தரவில்லை என்பதே பொருள். கேள்வியோடு வருபவரைச் சரியான தொகுதியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் நோக்குநூல் உதவியை நூலகப் பணியின் இதயமாகக் கருதியவர் அரங்கநாதன். அந்த வேலைக்கென்று தனி ஆள் இருக்கும் மாவட்ட நூலகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; இருப்பவரும் வருகைப் பதிவேட்டையும் கழிவறைச் சாவியையும் கவனித்துக்கொண்டிருப்பார்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அதில் அடங்கும். நல்ல திட்டம். ஆனால் முதல் கட்டப் பயனாளிகள் அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களும் மட்டுமே. தனியார் கல்லூரி மாணவரும், பட்டம் முடித்து வேலையின்றி இருக்கும் ஆய்வாளரும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரும், தகவலைச் சரிபார்க்க விரும்பும் உள்ளூர்ப் பத்திரிகையாளரும் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் எல்லாரும் அடையாள அட்டையின்றி நுழையக்கூடிய இடம் பொது நூலகம் ஒன்றுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்தில் இரண்டு கணினிகள் வழியாகவேனும் அந்த இதழ்களைத் திறந்துவிடுவதைப் பிந்தைய கட்டத்துக்குத் தள்ளுவதற்கு நியாயம் ஏதுமில்லை. அந்த 6,000 கோடியில் அவர்கள் கட்டிய வரியும் இருக்கிறது.

இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை துறைகள் காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வு நெறிமுறைத் தாளின் முதல் மாதத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஓர் எண்ணையோ ஒரு சொற்பிறப்புக் கூற்றையோ கொடுத்து, அதன் மூலத்தைப் பொது நூலகம் ஒன்றில் கண்டு வரச் சொல்லலாம். இணைப்பு முகவரியை ஏற்கக் கூடாது. தலைப்புப் பக்கம், அழைப்பெண், அட்டவணைக்கு முந்தைய விளக்கக் குறிப்பு ஆகியவற்றின் படியைக் கேட்க வேண்டும். தொகுதி கிடைக்கவில்லையென்றால் எந்த நூலகத்தில், எந்த நாளில், யாரிடம் கேட்டும் கிடைக்கவில்லை என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். நாடெங்கும் சில நூறு துறைகள் இதைச் செய்தால், எந்த நூலகத்தில் எது காணாமற்போயிருக்கிறது என்னும் பட்டியல் தானாகவே உருவாகிவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பேசுவதும் எளிது. நெறியாளர்கள் தாமும் ஒருமுறை உடன்சென்றால் நல்லது. உறுப்பினர் அட்டை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆனவர்கள் அவர்களிலும் உண்டு.

இதைச் செய்ய ஒரு கால எல்லையும் இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. கடந்த முறை மொழி அட்டவணை வெளிவர 2018 வரை ஆயிற்று. இம்முறை விரைவாக வரக்கூடும். வரும்போது அது முதலில் தொலைக்காட்சித் திரையில் ஒற்றை விழுக்காடாக வரும்; பாடத்திட்டமும் நிதி ஒதுக்கீடும் பயிற்றுமொழிக் கொள்கையும் அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பேசப்படும். அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டிய 1961, 1991, 2001, 2011 தொகுதிகள் தம் நகரத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மொழியியல் துறைகள் இப்போதே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.